ஐந்தாவது கேசட்

ஐந்தாம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கினால் டிவி கேம் பெட்டி வாங்கித் தருகிறேன் என்று மாமா சொன்னது, நான் வாங்கமாட்டேன் என்கிற தைரியத்தில்தான். எனக்கும் அப்படி ஒரு எண்ணம் இருந்ததில்லை. ஆனால் எப்போதும் முதலில் வருகிற பையனுக்கு முழுப்பரீட்சை சமயத்தில் அம்மை போட்டுவிட்டது. அவன் பரீட்சையே எழுதவில்லை. இப்படியாக நான் முதல் ரேங்க் ஆனேன். மாமா மாட்டிக்கொண்டார்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. போர்வெல் போடுகிற ரிக் லாரியில் டிரில்லராக இருந்தார். வருஷத்தில் எட்டு மாதம் வடக்கே ஏதாவது ஒரு காய்ந்த ஊரில் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். மழை பிடித்ததும் வண்டி திருச்செங்கோட்டுக்குத் திரும்பிவிடும். தாத்தாவோடு இரண்டு நாளுக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தால் சண்டை வரும் என்பதால், நாமகிரிப்பேட்டையில் எங்கள் வீட்டில்தான் தங்குவார். அந்த வருஷம் ஆனி மாதக் கடைசியில் வந்தவரை, பையைக்கூடக் கீழே வைக்கவிடாமல் ரேங்க் கார்டை நீட்டினேன். முகம் வாடும் என்று நினைத்தேன். அவரோ சந்தோஷமாகச் சிரித்தார்.

“அடேயப்பா! செரி அம்மிணி, வர்ற ஞாயித்துக்கெழமை சேலம் போறோம். எனக்கு ஒரு கடை தெரியும்” என்றார்.

ரிக் லாரியின் டேப் ரிக்கார்டரை முன்பு அங்கே ரிப்பேருக்குக் கொடுத்திருந்தாராம்.

கடை சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சந்துக்குள் இருந்தது. முன்பக்கம் டிவி, ரேடியோ ரிப்பேர். பின்பக்கம் பலகை போட்டு அதன்மேல் இரண்டு டிவியும் கேம் பெட்டிகளும். கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போய்விடுவார். பூசை முடிந்த பிறகும் அங்கே அவருக்கு ஏதோ கமிட்டி வேலை இருக்கும். அவர் வரும்வரை கடையைப் பார்த்துக்கொள்வது அவருடைய மகள். அதிகாலைப் பூசைக்கே போய்வந்துவிட்டு, ஒரு கையில் வயர் பற்றவைக்கிற சால்டரிங் கோலோடு உட்கார்ந்திருந்தார் அந்த அக்கா. ஒரு பெண் சால்டரிங் வைத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. புகை வந்தது. அவர் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

மாமா விஷயத்தைச் சொன்னார். அக்கா மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தார். உள்ளே மஞ்சளும் சிவப்பும் நீலமுமாகக் கேசட்டுகள். நூறு இருக்கும்.

“ஒரு பொட்டிக்கு அஞ்சு கேசட்டு தருவோம். எடுத்துட்டுப் போனா மாத்த முடியாது. அதனால பாத்து எடுக்கணும், சரியா?” என்றார்.

அடுத்து நான் கேட்டதுதான் தப்பு. எப்படிப் பார்த்து எடுப்பது என்று கேட்டேன். அக்கா சால்டரிங் கோலை ஸ்டாண்டில் வைத்துவிட்டு யோசித்தார்.

“இந்தப் பொட்டியக் கண்ணாலயே பாக்காத ஒருத்தர் உங்க வீட்டுக்கு வந்து, இது என்னம்மான்னு கேக்கறாருன்னு வச்சிக்க. நீ அஞ்சே அஞ்சு கேசட்டப் போட்டுக் காட்டி, ‘இதுதாங்க இந்தப் பொட்டி’ன்னு சொல்லணும். அந்த அஞ்சு எது?”

பத்து வயதில் யாரும் என்னிடம் அவ்வளவு பெரிய கேள்வி கேட்டதில்லை. ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்து ஐந்தைப் பொறுக்கினேன். குதித்துக் குதித்து ஓடும் மீசைக்காரர். செங்கல் சுவருக்கு நடுவே டாங்கி ஓட்டிக்கொண்டு நம் கோட்டையைக் காப்பது. துப்பாக்கியால் வாத்து சுடுவது. மேடு பள்ளத்தில் பைக் ஓட்டுவது. ஐந்தாவதாக ஐஸ் மலையைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டு ஏறுவது. “அஞ்சு ஆயிடுச்சுங் மாமா, போலாம்” என்றேன்.

மாமா ஒவ்வொரு கேசட்டாகக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “அவசரப்படாத அம்மிணி. அந்த ஐஸு ஆட்டம் எனக்கு என்னமோ செரியாப் படல. அடுத்த வாரம் வந்து பாக்கலாம்” என்றார்.

மாமாவுக்கு ஜாய்ஸ்டிக்கை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. அவருக்கு எது சரியாகப் படவில்லை என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் பெரியவர்கள் சொன்னால் காரணம் இருக்கும் என்று பஸ் ஏறினேன்.

இரண்டாவது ஞாயிறு எனக்கு ஒரு அருமையான வழி தோன்றியது. டின்னில் ஒரு கேசட்டின் மேல் ‘ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆட்டங்கள்’ என்று போட்டிருந்தது. இது ஒன்றை எடுத்தால் எல்லாமே வந்துவிடுமே? அக்கா சிரிக்காமல் அதைப் பெட்டியில் போட்டுக் காட்டினார். திரையில் பட்டியல் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது.

“எண்ணுதான் ஒம்பதாயிரம். உள்ள இருக்கறது பத்து. பேர மாத்தி மாத்தி அதே பத்துதான் வரும். வேணும்னா ஒவ்வொண்ணாப் போட்டுப் பாரு” என்றார்.

நம்பாமல் போட்டுப் பார்த்தேன். நூற்று நாற்பது வரை போட்டேன். அக்கா சொன்னதுதான் சரி. நான் அதைச் செய்து முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மாமாவும் அக்காவும் முன்பக்கம் ஒரு ரேடியோவைப் பிரித்துப்போட்டுக்கொண்டு, அதைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குத் திரும்பும்போது மாமா என்னைப் புகழ்ந்தார். “நீ ரொம்பப் பொறுமைசாலி அம்மிணி” என்றார். அதுவரை என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அந்த வாரம்தான் அம்மா மாறினார். அம்மாவுக்கு டிவி கேம் என்றாலே ஆகாது. கண் கெடும், படிப்பு கெடும், டிவி வெடிக்கும் என்று மூன்று காரணம் வைத்திருந்தார். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மாவும் மாமாவும் சமையலறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. அம்மாவின் மூக்கு சிவந்திருந்தது. மாமா எழுந்து வெளியே போனதும் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“ஏஞ்சாமி, அந்தக் கடைல ஒரு அக்கா இருக்கறாங்களாமே. எப்புடிப் பேசுவாங்க?”

“நல்லாப் பேசுவாங்கம்மா. சால்டரிங்கெல்லாம் வெப்பாங்க.”

“கோவம் வருமா?”

யோசித்தேன். “கேசட்டுக்குள்ள வாய வெச்சு ஊதுனா மட்டும் கோவம் வரும். எச்சிப் பட்டுத் துருப்புடிக்குமாம். பஞ்சுல தொடைக்கணுமாம்.”

அம்மா சிரித்துவிட்டார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அது போதும்” என்றார். எது போதும் என்று சொல்லவில்லை. “நல்லாப் பாத்து எடுங்க சாமி, ஒண்ணும் அவசரமில்ல” என்று மட்டும் சொன்னார். கண் கெடுவது, படிப்பு கெடுவது, டிவி வெடிப்பது மூன்றும் என்ன ஆயின என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது ஞாயிறு ஒருவர் தன் பையனோடு கடைக்கு வந்தார். பெட்டி வேண்டும் என்றார். அக்கா டின்னை நீட்டினார். பையன் கைவிட்டு அள்ளிய எட்டுக் கேசட்டைக் கட்டிக்கொடுத்தார். பத்து நிமிஷத்தில் போய்விட்டார்கள். நான் கொதித்துப்போனேன்.

“அக்கா! அவங்களுக்கு அஞ்சுதான்னு சொல்லவே இல்ல? எதுன்னு கேக்கவும் இல்ல?”

அக்காவும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அக்காவின் காது சிவந்தது.

“அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது பாப்பா. உனக்குத்தான் தெரியும். அதான் உங்கிட்ட கேக்கறேன்” என்றார்.

அந்தப் பதிலில் கோபம் போய்விட்டது. என்னைப்போல் இந்தப் பெட்டியைத் தெரிந்தவர் சேலம் ஜில்லாவிலேயே இல்லை என்ற நினைப்பும் வந்துவிட்டது. பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதினேன். மீசைக்காரர் ஏன்? எல்லாரும் முதலில் ஆடுவது அதைத்தான். டாங்கி ஏன்? இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம், ஆனால் தப்பாகச் சுட்டால் நம் கோட்டை நம் குண்டிலேயே போய்விடும். பைக் ஏன்? மேடு பள்ளத்தை நாமே அடுக்கி, நாமே அதில் விழலாம்.

வாத்து ஆட்டத்துக்கு மட்டும் எனக்குக் காரணம் தெரியவில்லை. நான்காவது ஞாயிறு அக்கா அந்தத் துப்பாக்கியை ஸ்குரூவைக் கழற்றித் திறந்து காட்டினார். உள்ளே குண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. மூக்குத்தி அளவில் ஒரு கண்ணாடி. துப்பாக்கி டிவியைச் சுடுவதில்லையாம். டிவியிலிருந்து வெளிச்சம் வருகிறதாம், துப்பாக்கி அதைப் பார்க்கிறதாம், அவ்வளவுதான்.

“சும்மா பாத்தாலே வுழுந்துருமா?” என்று மாமா கேட்டார்.

“வாத்து விழும்” என்றார் அக்கா.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தார்கள். அன்றைக்கு இன்னொன்றையும் கவனித்தேன். முதல் வாரம் மாமா “ஏனுங்க, இதென்ன வெலைங்க” என்று வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுத்தான் அக்காவிடம் பேசினார். எங்கள் பக்கத்தில் ஆட்டுக்குட்டியிடம்கூட அப்படிப் பேசுகிறவர்கள் உண்டு. நான்காவது வாரம் அந்த ‘ங்க’ காணாமல் போயிருந்தது. “அதை எடு, இங்க வா” என்றார். எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இவ்வளவு தெரிந்த அக்காவை மாமா மரியாதை இல்லாமல் பேசுகிறாரே என்று பஸ்ஸில் அவரோடு பேசாமல் வந்தேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

நான்கு கேசட் முடிவாகிவிட்டது. ஐந்தாவதுதான் நிற்கவில்லை. நான் எதைச் சொன்னாலும் மாமா மறுத்தார். சர்க்கஸ் ஆட்டம் வேண்டாம், சிங்கம் பாவம் என்றார். சட்டையில்லாமல் இரண்டு பேர் சுட்டுக்கொண்டே போகும் ஆட்டம் வேண்டாம், சத்தம் என்றார். ஐந்தாவது ஞாயிறு அவரே ஒன்றை எடுத்தார். ஜப்பான் எழுத்துப் போட்ட ஆட்டம். திரையில் சின்னச் சின்னக் கட்டைகள் வரிசையாக நிற்கும். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் ஏதோ ஒரு கட்டை நகரும். பிறகு ‘டொய்ங்’ என்று சத்தம் வந்து நாம் தோற்றுவிடுவோம். ஏன் தோற்றோம் என்று தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.

“இதையா மாமா? இது யாருக்குமே புரியாதே!”

“அப்ப இதுவும் ஒண்ணு வேணும்ல?” என்றார் மாமா.

நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரம்தான் வீட்டில் இன்னொரு செய்தி வந்தது. தாத்தாவும் அப்பாவும் சேர்ந்து ஆத்தூரில் மாமாவுக்குப் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரி வைத்திருக்கிற குடும்பம். அப்பாவின் மஞ்சள் மண்டிக்கு அவர்கள் பழக்கம். ஆடி போய் ஆவணி பிறந்ததும் நிச்சயம் என்று அப்பா வாக்குக் கொடுத்துவந்தார். எனக்குப் புதுப் பாவாடை, பள்ளிக்கூடத்துக்கு லீவு. நான் மாமாவிடம் ஓடிப்போய்க் கேட்ட ஒரே கேள்வி, “கண்ணாலத்துக்குள்ள அஞ்சாவது கேசட்டு முடிவு பண்ணிரலாமுங்களா?” என்பதுதான். மாமா என் தலையில் கைவைத்தார். “பண்ணித்தான் ஆகோணும்” என்றார்.

ஆறாவது ஞாயிறும் வெறுங்கையோடு திரும்பி வந்தோம். மறுநாள் காலையில் எல்லாரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார்.

“ஏம்மிணி, ஒரு பொட்டி வாங்க ஆறு ஞாயித்துக்கெழமையா? என்னதான் பண்றீங்க அங்க?”

யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் நான். நோட்டை எடுத்துவந்து, எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் ஆரம்பித்தேன். ஒரு பெட்டியைத் தெரிந்துகொள்வது என்றால் என்ன, அதற்கு ஏன் ஐந்து, அதில் நான்கு எவை. அப்பா உண்மையாகவே கேட்டார். டாங்கி ஆட்டத்தில் நம் கோட்டையை நாமே சுட்டுவிடலாம் என்றதும் இட்லியைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டு, “அட!” என்றார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“அந்த அக்கா என்ன சொன்னாங்கன்னா…”

“எந்த அக்கா?” என்றார் அப்பா.

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து, “கடைக்காரரூட்டுப் பாப்பாங்க. சின்னப் புள்ள. இவ எல்லாத்தையும் அக்கான்னுதான் சொல்லுவா” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சின்னப் பிள்ளையா? அக்கா மாமாவின் தோள் உயரம் இருப்பார். இல்லைம்மா என்று வாயைத் திறந்தேன். அம்மா ஒரு முழு இட்லியைச் சட்னியில் தோய்த்து என் வாய்க்குள் வைத்துவிட்டார். ஐந்து வயதுக்குப் பிறகு அம்மா எனக்கு ஊட்டியதே இல்லை. நான் மென்று விழுங்குவதற்குள் அப்பா கைகழுவ எழுந்துவிட்டார்.

அம்மாவுக்கு நான் அக்காவைப் பற்றி எல்லாம் சொல்லியிருந்தேன். வயதைச் சொல்ல மறந்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நிச்சயத்துக்கு மூன்று நாள் முன்பு ஏழாவது ஞாயிறு வந்தது. புடவை எடுக்கவேண்டும் என்று சொல்லி அம்மாவும் எங்களோடு சேலத்துக்குக் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் புடவைக்கடைப் பக்கம் போகாமல் நேராக ஃபேர்லேண்ட்ஸுக்கு நடந்தார். போகிற வழியில் நான்கு முழம் மல்லிகைப்பூ வாங்கினார்.

அக்கா அன்றைக்கு சால்டரிங் வைக்கவில்லை. நல்ல சேலை கட்டியிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நின்றவர் என்ன செய்வது என்று தெரியாமல் கையைப் பிசைந்தார். அம்மா அவரைத் திருப்பி நிறுத்தி, பூவை அவர் தலையில் வைத்தார். முழுவதையும் வைத்தார். எனக்கு ஒரு துண்டுகூட இல்லை. பிறகு தன் காதிலிருந்த தோட்டைக் கழற்றி அக்காவின் கையில் வைத்து மூடினார். அக்கா அழுதார். மாமாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா ரிக்குக்கு எடுத்துப்போகும் பெரிய பை கடை மூலையில் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

“அம்மிணி, நாங்க போயி சோடா வாங்கிட்டு வர்றோம். நீ அம்மாவுக்கு டாங்கி ஓட்டச் சொல்லிக்குடு” என்றார் மாமா.

இரண்டு பேரும் போனார்கள். ஒரு சோடா வாங்க அவ்வளவு பெரிய பை எதற்கு என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அம்மா பலகை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்துவிட்டார். எனக்கு உலகமே மறந்துபோயிற்று.

அம்மாவுக்கு ஒன்றும் வரவில்லை. ஜாய்ஸ்டிக்கைத் தலைகீழாகப் பிடித்தார். டாங்கி சுவரில் முட்டி நின்றது. முதல் ஆட்டத்தில் எங்கள் கோட்டையை அவரே சுட்டார். இரண்டாவது ஆட்டத்திலும் அவரே சுட்டார்.

“அம்மா, அந்தப் பக்கம் சுடாதீங்கம்மா! அது நம்முளுது!”

“செரி சாமி. இன்னொரு ஆட்டம் போடு” என்றார். சொல்லும்போது டிவியைப் பார்க்கவில்லை. கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. முதல் தடவை ஆடினால் எல்லாருக்கும் நடுங்கும் என்று தைரியம் சொன்னேன். நடுவில் ரேடியோ வாங்கிப்போக ஒருவர் வந்தார். “அந்தப் புள்ள வெளிய போயிருக்குதுங்க, நாளைக்கு வாங்க” என்று அம்மாவே அனுப்பிவைத்தார். நான்காவது ஆட்டமும் எங்கள் குண்டிலேயே முடிந்தது. சோடா வரவில்லை.

கடைக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஜெபப் புத்தகம். எங்களைப் பார்த்துவிட்டு, கடை முழுக்கக் கண்ணால் தேடிவிட்டு, “பாப்பா எங்கம்மா?” என்று கேட்டார்.

அம்மா எழுந்து நின்றார். “உக்காருங்கண்ணா” என்றார்.

“நீங்க யாரு?”

“இவளக் கூட்டிட்டு ஒரு பையன் வருவானுங்களே. நான் அவனோட அக்கா.”

அவர் உடனே உட்காரவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேஜை மேல் சால்டரிங் கோல் துடைத்து, வயரைச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“பஸ்சு எத்தன மணிக்கு?”

“போயிருச்சுங்கண்ணா.”

“பையன் குடிப்பானா?”

“இல்லீங்கண்ணா. கோவம்கூட வராது. என்ற தம்பிங்கறதுக்காகச் சொல்லல.”

அவர் ஜெபப் புத்தகத்தை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். கண்ணீர் தாடைவரை வந்து சட்டையில் சொட்டியது. துடைக்கவே இல்லை. அம்மா கைகூப்பியபடி நின்றார். அவரும் அழுதார். எந்த பஸ், யார் போனார்கள், சோடா வாங்கப் போனதற்கு ஏன் எல்லாரும் அழுகிறார்கள் என்று ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கடை மூடப்போகிறது என்று மட்டும் தோன்றியது.

“அப்ப பொட்டி?” என்று கேட்டேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினார். கடைக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, மேஜைக்கு அடியில் இருந்து பேப்பர் சுற்றிச் சணல் போட்டுக் கட்டிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். அதன்மேல் அக்காவின் கையெழுத்தில் என் பேர் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் படித்தார். என் பேரைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. என் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். ஒரு பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு துப்பாக்கி, ஐந்து கேசட். நான்கு என்னுடையவை. ஐந்தாவது, அந்த ஜப்பான் கட்டை ஆட்டம். கடைசியில் என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டார்களே என்று எனக்கு அழுகையாக வந்தது. அன்றைக்கு வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருந்ததால் என்னை யாரும் கேட்கவில்லை.

தாத்தா வந்து வாசலில் நின்று கத்தினார். மறுநாள் ஆத்தூரிலிருந்து இரண்டு கார் வந்தது. அவர்கள் கத்தவில்லை. அப்பாவிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள். நல்ல சேலை எடுத்துவைத்துக் காத்திருந்த அந்த ஆத்தூர்ப் பெண்ணைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதாக நினைவில்லை. நானும் நினைக்கவில்லை. அவர்கள் கார் கிளம்பியதும் அப்பா உள்ளே வந்து அம்மாவைக் கேட்டார்.

“உனக்குத் தெரியுமா?”

அப்பா என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லம்மிணி. அவங்க போறப்ப உங்கம்மா எங்க இருந்தா?”

“எங்கூட வெளையாடிட்டு இருந்தாங்கப்பா.”

“வெளையாடிட்டா?”

“ஆமாங்கப்பா. நாலு ஆட்டம். நாலுலயும் நம்ம கோட்டையவே சுட்டுட்டாங்க.”

அப்பா என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அப்பா அம்மாவோடு பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே கூடத்தில், என் வழியாகத்தான் பேச்சு. “உங்கம்மாகிட்டச் சொல்லு, காப்பி வேணும்னு.” “உங்கப்பாகிட்டச் சொல்லு, அரிசி தீந்துபோச்சுன்னு.” இரண்டு பேருக்கும் நடுவே நான்கடி தூரம்கூட இருக்காது. நான் திரும்பிச் சொல்வேன். ஒருநாள் இரண்டுநாள் அல்ல, ஆவணி முழுதும் இப்படியே போனது. அம்மா மெலிந்துவிட்டார். காதில் தோடில்லாமல் வேப்பங்குச்சி சொருகியிருந்தார். கேம் பெட்டியை நான் டிவியில் மாட்டவே இல்லை. மாட்ட எடுக்கும்போதெல்லாம் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

யோசித்து யோசித்து எனக்கு விஷயம் பிடிபட்டது. நான்தான் காட்டிக்கொடுத்துவிட்டேன். பெரியவர்கள் டிவி கேம் ஆடக்கூடாது. அதுவும் புடவை எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் நான்கு ஆட்டம் ஆடியிருக்கிறார் அம்மா. நான் அதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்துதானே அப்பா பேசுவதில்லை?

ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பெட்டி, ஜாய்ஸ்டிக், துப்பாக்கி, ஐந்து கேசட் எல்லாவற்றையும் அரிசிப் பைக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு மண்டிக்குப் போனேன். கைகள் இற்றுப்போயின. அப்பா மஞ்சள் மூட்டைகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்தார். பையை அவர் காலடியில் வைத்தேன்.

“என்னம்மிணி இது?”

“இதக் கடைக்கே குடுத்துருங்கப்பா. எனக்கு வேண்டாம். அம்மா இனிமே வெளையாடமாட்டாங்க. அம்மாவுக்கு ஆடவே தெரியாதுங்கப்பா, நான்தான் ஆடுங்கன்னு சொன்னேன்.” இந்தப் பொய்யைச் சொல்லத்தான் எனக்கு வழியெல்லாம் பயமாக இருந்தது. “அம்மாகூடப் பேசுங்கப்பா.”

அப்பா பைக்குள் பார்த்தார். துப்பாக்கியை எடுத்துத் திருப்பிப் பார்த்து மறுபடி உள்ளே வைத்தார். என்னை இழுத்துத் தன் மடியில் உட்காரவைத்துக்கொண்டார். பத்து வயதுப் பெண்ணை இப்படி மடியில் யாராவது பார்த்தால் என்ன ஆகும் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் விடவில்லை. என் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அவர் சட்டை முழுக்க மஞ்சள் வாசம்.

அன்று சாயங்காலம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீட்டுக்கு வந்தோம். அம்மா சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். அப்பா வாசற்படியில் நின்றார். என்னிடம் சொல்லாமல், நேராக அம்மாவைப் பார்த்து, “உன்ற தம்பி போன் பண்ணுனானா?” என்று கேட்டார்.

அம்மாவின் கை மாவுக்குள்ளேயே நின்றது.

“பண்ணுனானுங்க. ஓசூர்ல இருக்கறாங்களாம். நல்லாருக்கறாங்களாமுங்க.”

“ம். ஒருநாளைக்கு வரச்சொல்லு. ரெண்டு பேரையும்.”

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, மாவுக் கையால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் மோந்து அவர் பக்கத்தில் வைத்தார். நான் அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றேன். இனி ஆடமாட்டேன் என்று அம்மா சொல்வார், சரி போகட்டும் என்று அப்பா சொல்வார், அதற்குப் பிறகாவது பெட்டியை எனக்கே வைத்துக்கொள்ளச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். இரண்டு பேரும் மாமாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.